"அக்கா, மழை வருது": சிகரெட்டை விடப் பார்க்கும் கர்ப்பிணிகளுக்கு மெசேஜ் அனுப்பிக் கற்றுக்கொண்டவை

1998இல் என் தங்கை முதல் குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தபோது நான் டர்பனில் கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் ஒரு கிளினிக்கில் சிஸ்டராக இருந்தேன். இங்கே தென்னாப்பிரிக்காவில் நர்ஸை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். தினமும் முப்பது நாற்பது பெண்களிடம் "ஸ்மோக் பண்ணுவீங்களா?" என்று கேட்பேன், எல்லாரும் இல்லை என்பார்கள், நானும் அட்டையில் அப்படியே குறித்துவிட்டு ரத்த அழுத்தம் பார்க்கப் போய்விடுவேன். அதே நாட்களில் மெரிபேங்கில் எங்கள் அம்மா வீட்டுக் கொல்லையில், துணி காயப்போடும் கம்பிக்குப் பின்னால் நின்று, என் கூடப் பிறந்தவள் ஒரு நாளைக்கு ஏழெட்டு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியாது. 33ஆவது வாரத்தில் நஞ்சுக்கொடி கருப்பையிலிருந்து பிரிந்து ரத்தப்போக்கு, அவசர ஆபரேஷன், 1 கிலோ 600 கிராமில் ஒரு பையன், ஐந்து வாரம் இன்குபேட்டர். பிழைத்துவிட்டான், இன்றைக்கு என்னைவிட உயரம். கொல்லையில் நின்று புகைத்ததை அவள் எட்டு வருஷம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "உன்கிட்ட எப்படிக்கா சொல்றது? நீ சிஸ்டராச்சே."

அந்த ஒரு வார்த்தைதான் என்னை இந்த வேலைக்குள் இழுத்தது. அக்காவிடமே சொல்ல முடியாத பெண், யாரென்றே தெரியாத நர்ஸிடம், நாலு பேர் வரிசையில் நிற்கும் இடத்தில், எப்படிச் சொல்வாள்?

அவன் முன்கூட்டிப் பிறந்ததற்கு சிகரெட்தான் காரணம் என்று ஒரு பிள்ளையைக் காட்டி யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நஞ்சுக்கொடி முன்னாலேயே பிரிவது, குறைப்பிரசவம், குழந்தை இறந்து பிறப்பது, பிறந்த பிறகு தூக்கத்திலேயே திடீரென்று போய்விடுவது, இத்தனை அபாயத்தையும் புகை கூட்டுகிறது என்பதில் மருத்துவத்தில் சந்தேகம் இல்லை. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பிடிமானம் அதற்கு, லேசில் எழுந்திருக்காது. நிகோட்டின் ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும். ஆக, குழந்தைக்குப் போகிற ரத்தமும் குறைவு, அந்த ரத்தத்தில் ஆக்சிஜனும் குறைவு. புகைக்கும் தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக 200 கிராமுக்கு மேல் எடை குறைந்து பிறப்பது இதனால்தான். இதெல்லாம் எனக்கு 1998லேயே தெரியும். தெரிந்து என்ன பயன், என் தங்கையிடம் அது போய்ச் சேரவில்லையே.

2014 ஆகஸ்டில் இங்கே சுகாதாரத் துறை மாம்கனெக்ட் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. கர்ப்பிணிகள் கிளினிக்கில் ஃபோனில் *134*550# என்று அழுத்தி, பிரசவத் தேதியைக் கொடுத்துப் பதிந்துகொண்டால், எத்தனையாவது வாரமோ அதற்கேற்ற மெசேஜ் இலவசமாக வரும், குழந்தை பிறந்த பிறகும் தொடரும். வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நான்தான் பதிந்துகொடுப்பேன். அப்போது ஒன்றைக் கவனித்தேன். சுவரில் ஒட்டிய போஸ்டரை ஒருத்தியும் படிக்க மாட்டாள், நான் கையில் கொடுக்கும் துண்டுப் பிரசுரம் வாசலிலேயே கிடக்கும், ஆனால் ஃபோனில் டிங் என்று வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, உடம்பால் மறைத்துக்கொண்டு, இரண்டு தடவை படிப்பாள். அது அவளுக்கு மட்டும் வந்தது. கேட்கிற முகம் எதிரில் இல்லை.

மாம்கனெக்ட் கர்ப்ப காலம் முழுவதற்குமான திட்டம், லட்சக்கணக்கானவர்களுக்கு. நான் செய்தது கையளவு. ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் கோயில் மாதர் குழுவிலும் தெரிந்தவர்கள் மூலமாகவும் வந்த பெண்களுக்கு, என் சொந்த ஃபோனிலிருந்து, சிகரெட் ஒன்றைப் பற்றி மட்டும். இதுவரை 11 பேர். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட், எல்லாம் டர்பன் பக்கம்தான். நாலு பேர் பிரசவம் வரை முழுக்க விட்டார்கள், சிலர் விட்டு விட்டுத் தொட்டார்கள், இரண்டு பேர் பாதியில் காணாமல் போனார்கள். உங்கள் ஊரில் உங்கள் தங்கைக்கோ மருமகளுக்கோ நீங்களும் இதைச் செய்யலாம் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் செய்த தப்பு. ஃபீனிக்ஸில் ஒரு பெண், 22 வயது, 11 வாரக் கர்ப்பம். அவளுடைய மாமியார் நம்பரைக் கொடுத்தார், நானும் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். சிகரெட்டில் எத்தனை ஆயிரம் ரசாயனம், அது குழந்தைக்கு என்ன செய்யும், இன்குபேட்டரில் இருக்கும் குழந்தையின் படம், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நான்காம் நாள் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாள். பிற்பாடு கோயிலில் பார்த்தபோது சொன்னாள், உங்க மெசேஜ் வந்ததும் கை நடுங்கும் ஆன்ட்டி, உடனே வெளியே போய் ஒண்ணு பிடிப்பேன் என்று. நல்லது செய்வதாக நினைத்து அந்தப் பெண்ணுக்கு நான்கு நாளில் எத்தனை சிகரெட்டை நானே பற்றவைத்துக் கொடுத்திருக்கிறேன்!

அதனால் இப்போது அவளே "சரி, அனுப்புங்க" என்று எழுதாமல் ஒரு வரிகூட அனுப்புவதில்லை. மாமியார் சொன்னாலும் புருஷன் சொன்னாலும் கிடையாது. எந்த நேரத்திலும் "போதும்" என்று ஒரு வார்த்தை அனுப்பினால் நிறுத்திவிடுவேன், ஏன் என்று கேட்க மாட்டேன் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

அப்புறம் கேள்வி. "புகைப்பீங்களா?" என்று கேட்டால் ஆமா, இல்லை இரண்டே பதில்தான், அதில் ஆமா என்பது வெட்கம். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "கண்ணு, இதுல உனக்கு எது பொருந்தும்? நம்பர் மட்டும் அனுப்பு. 1, தொட்டதே இல்லை. 2, கர்ப்பம்னு தெரிஞ்சதும் விட்டுட்டேன். 3, குறைச்சிருக்கேன், முழுசா விடல. 4, முன்ன மாதிரிதான்." அனேகமாக எல்லாரும் 3 அனுப்புவார்கள். 3 என்பது ஒரு பெண் தலைகுனியாமல் உண்மையைச் சொல்லக்கூடிய இடம். இப்படிப் பல பதில் கொடுத்துக் கேட்டால் கூடுதல் பெண்கள் ஒப்புக்கொள்கிறார்கள் என்று மருத்துவ ஆய்விலேயே கண்டிருக்கிறார்கள், நான் கிளினிக்கில் இருபது வருஷம் அது தெரியாமல் டிக் அடித்துக்கொண்டிருந்தேன் என்பது இன்றைக்கும் வலிக்கிறது. ஹப்ளி, அதாவது ஹூக்கா பற்றித் தனியாகக் கேளுங்கள், வேப் எனும் எலக்ட்ரானிக் சிகரெட் பற்றியும். டர்பனில் நம் பிள்ளைகள் ஹூக்காவைப் புகையாகவே எண்ணுவதில்லை, பிறந்தநாள் விருந்தென்றால் நடுவில் அது இருக்கும், தண்ணீர் வழியாக வருவதால் சுத்தமாகிவிடுகிறது என்று நினைக்கிறார்கள். தண்ணீர் புகையைக் குளிர வைக்கும், அவ்வளவுதான். கீழே தண்ணீர் இருந்தாலும் மேலே எரிவது கரி, கார்பன் மோனாக்சைடு அங்கிருந்தே கொட்டுகிறது, அதுவும் ஒரு சிகரெட் ஐந்து நிமிஷத்தில் முடியும், ஹப்ளி ஒரு மணி நேரம் ஓடும்.

மொழி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1860இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் நாங்கள். 1996 அரசியல் சாசனத்தின் 6ஆவது பிரிவில் மதிக்கப்பட வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பெயரே இருக்கிறது, ஆனால் இளம் பெண்கள் வீட்டில் பேசுவது இங்கிலீஷ்தான். என் அப்பா கோயில் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், அதனால் எனக்கு ஒட்டிக்கொண்டது. நான் இந்தப் பெண்களுக்கு அனுப்பியதும் பெரும்பாலும் இங்கிலீஷில்தான், இங்கே தமிழில் சொல்கிறேன். ஆனால் நடுவில் "கண்ணு", "பாப்பா", "சாப்பிட்டியா" என்று ஒரு வார்த்தை விழுந்தால் பதில் வரும் வேகமே வேறு. ஒரு பெண் சொன்னாள், எங்க ஆயா செத்த பிறகு என்னை யாரும் கண்ணுன்னு கூப்பிட்டதில்லை என்று.

தமிழ் எழுத்திலேயே அனுப்பப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். சாதாரண எஸ்எம்எஸ்ஸில் இங்கிலீஷ் எழுத்து 160 வரை ஒரு மெசேஜ், தமிழ் எழுத்து ஒன்று நுழைந்துவிட்டால் 70தான், அந்த 70இலும் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் வரும். அதைத் தாண்டினால் இரண்டு மூன்று மெசேஜுக்கான காசு போகும், பழைய ஃபோன்களில் துண்டு துண்டாக, சில சமயம் பின்னது முன்னாலும் வந்து சேரும். வாட்ஸ்அப்பில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்த பெண்ணுக்கு எஸ்எம்எஸ்தான் போய்ச் சேரும். அவள் ஃபோனில் காசு இல்லாவிட்டால் "ப்ளீஸ் கால் மீ", அதாவது என்னைக் கூப்பிடுங்கள் என்ற மெசேஜ், அனுப்பலாம், அது இந்த நாட்டில் 2001லிருந்து இலவசம். அது வந்தால் நான் உடனே கூப்பிடுவேன், இரவு 11 மணி ஆனாலும்.

நேரம்தான் இதில் முக்கால்வாசி. விடுவதற்கு ஒரு தேதி வைத்துக்கொண்டு, அதற்கு முந்தைய மூன்று நாள், பிடிக்கும் ஒவ்வொரு சிகரெட்டுக்கும் மணியை மட்டும் அனுப்பச் சொல்வேன். "6.10", "7.45", "1.00", இப்படி வரும், நான் எதுவும் சொல்லாமல் குறித்துக்கொள்வேன். மூன்று நாளில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு கால அட்டவணை தெரிந்துவிடும். ஒருத்திக்குக் காலை டீயோடு, ஒருத்திக்கு டாக்சி ரேங்க்கில் வண்டிக்குக் காத்திருக்கும்போது, பக்கத்திலேயே டக் ஷாப் என்கிற பெட்டிக்கடையில் லூஸ் சிகரெட் ஒன்றொன்றாக விற்பான். அந்த நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் மெசேஜ் போக வேண்டும். ஆசை வந்து கையில் எடுத்த பிறகு போனால் அது திட்டு மாதிரித்தான் இருக்கும்.

ஒரு பெண்ணின் பட்டியலில் ஒழுங்கே தெரியவில்லை. ஒரு நாள் 6 மணி, மறுநாள் 8 மணி, அதற்கு மறுநாள் இரவில் ஒன்றுமே இல்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு லோட் ஷெடிங் அட்டவணையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அப்படியே பொருந்தியது! 2022, 23இல் இங்கே தினமும் இரண்டு மூன்று தடவை கரண்ட் போகும். கரண்ட் போனதும் டிவி இல்லை, அடுப்பு இல்லை, வீட்டுக்குள் புழுக்கம், எல்லாரும் வெளியே வந்து படியில் உட்காருவார்கள், இருட்டில் யார் கையில் என்ன என்று தெரியாது. அவளுக்கு அதுதான் நேரம். அதோடு இன்னொரு சிக்கல், கரண்ட் நீண்ட நேரம் போனால் டவரின் பேட்டரியும் தீர்ந்துவிடும், மெசேஜ் போகாது. அதனால் அவள் ஏரியாவின் அட்டவணையைப் பார்த்து கரண்ட் போவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் அனுப்ப ஆரம்பித்தேன்: "இன்னும் பத்து நிமிஷத்துல இருட்டு. டீ போட்டு ஃபிளாஸ்க்ல ஊத்திக்கோ. படியில உட்காராதே, ஜன்னல் பக்கம் உட்காரு. பாப்பா எத்தனை தடவை உதைக்குதுன்னு எண்ணிட்டு அப்புறமா எனக்கு அனுப்பு." கரண்ட் வந்ததும் "14" என்று வந்தது. அன்றைக்கு அவள் படிக்குப் போகவில்லை.

கவனியுங்கள், அந்த மெசேஜில் சிகரெட் என்ற சொல்லே கிடையாது. ஃபோன் எப்போதும் அவள் கையில் மட்டும் இருப்பதில்லை. கணவர் எடுப்பார், நாத்தனார் எடுப்பாள், மேசை மேல் கிடக்கும்போது திரையில் முதல் வரி தெரியும். வீட்டில் யாருக்கும் தெரியாமல் புகைக்கும் பெண்ணின் ஃபோனில் "இன்று சிகரெட் பிடித்தாயா?" என்று ஒளிர்ந்தால் அது அடி உதையில் போய் முடியலாம். சாட்ஸ்வொர்த் பெண் ஒருத்திதான் இதற்கு வழி சொன்னாள். ஆசை வந்தால் "மழை வருது" என்று அனுப்புவேன் அக்கா என்றாள். தப்பித்துவிட்டால் "நனையல". பிடித்துவிட்டால் "நனைஞ்சுட்டேன்". அதற்குப் பிறகு வந்த எல்லாருக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். டர்பனில் கோடையில் அடிக்கடி மழை வரும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

அந்த வார்த்தையும் பொருத்தமாக அமைந்துவிட்டது. ஆசை என்பது ஐந்து முதல் பத்து நிமிஷம்தான் உச்சத்தில் நிற்கும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இறங்கிவிடும். கர்ப்ப காலத்தில் உடம்பு நிகோட்டினை வழக்கத்தைவிட வேகமாகக் கரைத்துவிடுவதால் தவிப்பு சீக்கிரம் சீக்கிரமாக வரும், அவளுக்கு மனஉறுதி போதவில்லை என்று நாம் நினைத்துவிடக் கூடாது. "மழை வருது" என்று வந்தால் நான் கேட்பது ஒன்றே ஒன்று, "எங்க நிக்கிற?" கொல்லையில் என்றால் உள்ளே போய் முகம் கழுவச் சொல்வேன். டாக்சி ரேங்க்கில் என்றால் வரிசையில் நிற்கும் ஒரு பாட்டியிடம் போய் மணி கேட்கச் சொல்வேன். சமையலறையில் என்றால் வாயில் ஒரு ஏலக்காய். இடத்தை மாற்றுவதுதான் மருந்து. பத்து நிமிஷம் அவளோடு எழுதிக்கொண்டே இருந்தால் மழை விட்டுவிடும்.

"நனைஞ்சுட்டேன்" வந்தால் என்ன பதில் எழுதுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்று நான் நம்புகிறேன். வருத்தமாக இருக்கு என்று எழுதக் கூடாது, பரவாயில்லை என்றும் எழுதக் கூடாது. ஏன் என்று கேட்கவே கூடாது, ஏன் என்பது போலீஸ் கேள்வி. "சொன்னதுக்கு சந்தோஷம் கண்ணு. எத்தனை மணிக்கு?" என்று மட்டும் எழுதுகிறேன். அவ்வளவுதான். அவள் மணியைச் சொல்வாள், பிறகு தானாகவே கதை வரும். டொங்காட்டில் இருந்த பெண் மூன்று வாரம் தொடாமல் இருந்தவள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அங்கே குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. ஏழு மாத வயிற்றோடு தண்ணீர் லாரிக்கு வாளியோடு நிற்க வேண்டும், வரிசையில் யாரோ ஒரு பெட்டியை நீட்டியிருக்கிறார்கள். "நனைஞ்சுட்டேன். இனிமே அனுப்பாதீங்க, நான் லாயக்கில்லை" என்று வந்தது. போதும் என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை என்பதால் ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினேன்: "21 நாள் நனையாம இருந்த கால் அது. நாளைக்குத் தண்ணி லாரி எத்தனை மணிக்கு?" இரவெல்லாம் பதில் இல்லை. காலையில் "9" என்று வந்தது. 8.50க்கு நான் அங்கே ஃபோனில் இருந்தேன்.

குழந்தையைப் பற்றிச் சொல்வதில் அளவு வேண்டும். பயமுறுத்தினால் மறைப்பார்கள். அந்தந்த வாரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு வரி, 24ஆவது வாரத்தில் "இப்போ உன் குரல் பாப்பாவுக்குக் கேட்கும், ஒரு பாட்டுப் பாடு" என்கிற மாதிரி, அது போதும். 15 வாரத்துக்குள் விட்டவர்களுக்குக் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் புகைக்காதவர்கள் அளவுக்கே இருந்தது என்று 2009இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பெண்களை வைத்து. பத்து வாரக் கர்ப்பிணிக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது, முதல் நாளே அனுப்பிவிடுவேன். 20 வாரம் தாண்டியவளிடம் மூச்சே விட மாட்டேன், பஸ் போய்விட்டது என்று நினைத்துவிடுவாள். அவளுக்கு வேறு உண்மை இருக்கிறது: கடைசி சிகரெட்டுக்குப் பிறகு ஒன்றிரண்டு நாளில் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தை விட்டுப் போய்விடும், கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தை எடை போடுகிறது, இப்போது விட்டாலும் அதற்கு லாபம்.

பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கும் சில பேச்சுகளை நீங்கள் சந்தித்தே ஆக வேண்டும். குழந்தை சின்னதாக இருந்தால் பிரசவம் சுலபம் என்பார்கள். சின்னக் குழந்தை என்றால் பலவீனமான குழந்தை, மூச்சுக்கும் பாலுக்கும் திணறும், பிரசவ வலி அதற்காகக் குறையாது. திடீரென்று விட்டால் குழந்தைக்கு அதிர்ச்சி என்பார்கள், அப்படி எதுவும் கிடையாது. பத்தை மூன்றாகக் குறைத்துவிட்டேன், போதாதா என்பார்கள். குறைத்தவர்கள் அந்த மூன்றையும் ஆழமாக, ஃபில்டர் வரை இழுக்கிறார்கள், கணக்கில் குறைந்த அளவுக்கு ரத்தத்தில் குறைவதில்லை. ஆனால் குறைத்தவளைப் பாராட்டாமல் இதைச் சொன்னால் அடுத்த மெசேஜுக்குப் பதில் வராது.

விடும் தேதிக்கு நம்மிடமே ஒரு வழி இருக்கிறது. இங்கே புரட்டாசி என்றால் சாமி கும்பிடாத வீட்டில்கூட ஒரு மாதம் கறி, மீன், குடி கிடையாது. காவடிக்குப் பத்து நாள் விரதம் இருப்பார்கள். ஒரு பெண் முப்பது நாள் மட்டனைத் தொடாமல் இருந்தவள் என்றால் அவளுக்கு விரதத்தின் நுணுக்கம் எல்லாம் தெரியும், முதல் மூன்று நாள் கஷ்டம், அப்புறம் வாய் பழகும், வீட்டில் மற்றவர்களும் கூட இருந்தால் சுலபம். "புரட்டாசி முதல் நாள்ல ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டதற்கு உடனே சரி சொன்னவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தியின் கணவரும் சேர்ந்துகொண்டார். கணவர் வீட்டுக்குள் புகைத்தால் அவள் விடுவது மிகக் கஷ்டம், அந்தப் புகையும் குழந்தைக்குக் கெடுதல்தான். அவள் அனுமதி கொடுத்தால் அவருக்கும் வாரத்துக்கு ஒரு மெசேஜ் அனுப்புவேன், "தம்பி, கார்ல வேணாம், வீட்டுக்குள்ள வேணாம்" என்று அவ்வளவோடு ஆரம்பித்து.

மருந்து பற்றி நான் மெசேஜில் எதுவும் சொல்வதில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். புகையை விட உதவும் மாத்திரைகளான புப்ரோபியானும் வாரெனிக்ளினும் கர்ப்பிணிகளுக்குப் பரிந்துரைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2013லேயே எழுதியிருக்கிறது. நிகோட்டின் பேட்ச், சூயிங்கம் வேண்டுமா என்பதை டாக்டர்தான் அவளைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். வேப்புக்கு மாறிவிட்டேன் என்பவளுக்கும் டாக்டரிடம் சொல்லு என்பதுதான் என் பதில், அதிலும் நிகோட்டின் இருக்கிறது. இந்த நாட்டில் சிகரெட் பெட்டியிலேயே புகையை விட உதவும் குவிட்லைன் நம்பர் அச்சாகியிருக்கிறது, பெட்டி கையில் இருக்கிற பெண்ணிடம் நம்பரும் இருக்கிறது.

மெசேஜால் உண்மையிலேயே பயன் உண்டா என்று என் மகனே கேட்டான். உண்டு, ஆனால் அற்புதம் இல்லை. பிரிட்டனில் 5,800 பேரை வைத்து நடந்த டெக்ஸ்ட்-டூ-ஸ்டாப் ஆய்வு 2011இல் லான்செட்டில் வந்தது: ஆறு மாதம் கழித்து, பரிசோதனை செய்து உறுதிப்படுத்தியதில், மெசேஜ் பெற்றவர்களில் 10.7 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள், மற்றவர்களில் 4.9. அது பொதுவான மக்களுக்கு. கர்ப்பிணிகளுக்கென்றே இங்கிலாந்தில் மிக்விட், அமெரிக்காவில் குவிட்4பேபி என்று செய்து பார்த்திருக்கிறார்கள், அதில் பலன் இதைவிடச் சிறியது. நூறு பேரில் சிலர்தான். ஆனால் அந்தச் சிலரில் ஒருத்தி என் தங்கையாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

பிரசவத்தோடு நிறுத்திவிடாதீர்கள், இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். விட்ட நாலு பேரில் இரண்டு பேர் குழந்தை பிறந்து மூன்று மாதத்துக்குள் திரும்ப ஆரம்பித்தார்கள், உலகம் முழுக்க அப்படித்தான் நடக்கிறது. குழந்தைக்காக விட்டவள், குழந்தை வெளியே வந்ததும் காரணம் போய்விட்டதாக நினைக்கிறாள், தூக்கமும் கிடையாது. இப்போது நான் குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை அனுப்புகிறேன், நேரம் மட்டும் மாறும், அதிகாலைப் பால் கொடுக்கும் நேரத்துக்கு. புகைத்துவிட்டாலும் தாய்ப்பாலை நிறுத்தாதே, பால் கொடுத்து முடித்த பிறகு வெளியே போய்ப் பிடி, சட்டையை மாற்று, கையைக் கழுவு, குழந்தையை உன் கட்டிலில் படுக்க வைக்காதே, பக்கத்தில் தனியாகப் படுக்க வை என்று எழுதுவேன். கடைசியில் சொன்னது மிக முக்கியம், புகைக்கும் தாயோடு ஒரே படுக்கையில் தூங்கும் குழந்தைக்குத் திடீர் மரண அபாயம் அதிகம்.

இப்போது ஒரு பெண் இருக்கிறாள், சாட்ஸ்வொர்த்தில், 19 வாரம். ஒன்பது நாள் "நனையல" என்று வந்தது, போன வியாழக்கிழமை "நனைஞ்சுட்டேன் அக்கா". எத்தனை மணிக்கு என்று கேட்டேன். சாயங்காலம் ஐந்தே முக்கால், வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால், கேட்டுக்கு வெளியே நின்று என்றாள். அதனால் இந்த வாரம் ஐந்தரைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.